பல்செட் மாமாவும் குட்டைவிரல் புறாவும்

என் அக்கா வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் விஷயம் தெரிந்ததும் அவர் முன்னால் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டியவர்கள் நிறையப் பேர். டாக்டர்கள் ஒரு பசையை நோயாளியின் வாயில் அழுத்தி அளவு எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு அனுப்புவார்கள். மாமா அந்த அளவுக்குள் பிளாஸ்டர் ஊற்றி, அந்த மனிதரின் ஈறு, அண்ணம், மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு பல் எல்லாவற்றையும் வெள்ளைக் கல்லாக வெளியே எடுப்பார். அதன்மேல் மெழுகு பிடித்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, இழைத்து, மெருகேற்றி அனுப்பினால் எங்கோ ஒரு தாத்தா மறுபடியும் கரும்பைக் கடிப்பார்.

"ஆயிரம் பேரோட வாயைப் பாத்திருக்கார். ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது" என்று அக்கா சொல்வாள்.

அந்த வேலைக்கேற்ற கை அவருக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும் என்று பயந்து பயந்து வேலை செய்து, அந்தப் பயம் வேலைக்கு வெளியேயும் பரவிவிட்டது. ரொட்டியில் வெண்ணெய் தடவினால் நாலு மூலைக்கும் போகும். அடுத்தவர் வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் சொல்வதோடு நிற்க மாட்டார், எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் டீயைக் குடிப்பார். எனக்கு மருந்துக் கடையில் மதிய ஷிஃப்ட் வேலை கிடைத்து நான் அவர்கள் வீட்டோடு வந்து தங்கியபோது, நான் மடித்து வைத்த துணிகளை அவர் யாருக்கும் தெரியாமல் பிரித்து மறுபடி மடித்தது எனக்குத் தெரியும். நான் கண்டுகொள்ளவில்லை. நல்ல மனிதர், கொஞ்சம் கை அரிப்பு, அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பெண். பிறந்தபோது உள்ளங்கை அளவு இருந்துகொண்டு ஆஸ்பத்திரியையே அலறவைத்ததால் நான் அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தேன். அது ஒட்டிக்கொண்டது. மிளகுக்கு எட்டு வயதாகும்போது, மூன்றாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்தில், விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தாள். முட்டி வலிக்கிறது என்றாள். என் கடையிலிருந்தே தைலம் வாங்கி வந்து தடவினோம். கடைசியில் எக்ஸ்ரே எடுத்ததில் கோளாறு முட்டியில் இல்லை, இடுப்பில் என்று தெரிந்தது. தொடை எலும்பின் தலைக்குப் போகிற ரத்தம் குறைந்து எலும்பு நலிந்திருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. இந்த வயசுல தானா வளந்து சரியாயிடும்" என்றார் எலும்பு டாக்டர். "ஆனா ஒரு வருஷத்துக்கு ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது."

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி ஐம்பத்து நாலு. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலைதான் வருவாள். அதனால் மாமா இரண்டு தெரு தள்ளியிருந்த தன் பட்டறையைக் காலி செய்து, வீட்டின் முன்னறைக்குக் கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் வேலை மேசை வந்தது. சுவரோரம் நிறவாரியாகச் செயற்கைப் பல் பதித்த அட்டைகள். பிளாஸ்டரில் குமிழி தங்காமல் குலுக்குகிற ஒரு சின்ன மேசை, அதை ஓட்டினால் அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும். தூசி கிளப்புகிற அரவை மெஷினை மட்டும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார். மிளகுக்கு ஜன்னலோரம், பால்கனியைப் பார்த்தபடி, சாய்வு நாற்காலி.

வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்கென்று ஊரில் ஒரு மையம் இருந்தது. அவர்கள் பாடப் புத்தகங்களோடு ஒரு மெல்லிய கையேடும் கொடுத்தார்கள். இயற்கையைக் கையால் தொட்டுச் செய்து பார்க்கிற ஆறு வேலைகள், வருடத்துக்கு. விதை, விலங்கு, மழை, மண் என்று. பிள்ளை தானே செய்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

முதல் வேலை அவரை விதை. கண்ணாடி டம்ளரில் ஈரத் துணி வைத்து விதையைச் செருகி, தினமும் பார்த்து, படம் வரைய வேண்டும். இவ்வளவுதான் கையேட்டில் இருந்தது. மாமா என்ன செய்தார் தெரியுமா. ஒரு கிலோ அவரையைக் கொட்டி, அளவுகோல் வைத்துப் பார்த்து, ஒரே அளவாகப் பத்து விதையைப் பொறுக்கினார். டம்ளருக்குத் தேதிச்சீட்டு ஒட்டினார். மிளகு வரைந்த படத்தைப் பார்த்து, "இது முளை மாதிரி இல்லையே கண்ணு, குடை மாதிரி இருக்கே" என்று ரப்பரை எடுத்தார். அப்புறம் பென்சிலையும் எடுத்தார். மூன்றாவது நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு நாள் முளையையும் மெழுகில் செய்து அட்டையில் வரிசையாகப் பதித்தால் என்ன. கையில் இருந்தது ஈறு செய்கிற மெழுகு. ஆக, பதினோரு நாள் வளர்ந்த பதினோரு அவரைச் செடிகள், வேர் முடி உட்பட, பளபளவென்று ரோஸ் நிறத்தில் வந்து நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மிளகு அதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பால்கனி கம்பியில் வந்து உட்காருகிற புறாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது, கையில் துணிப்பை. தண்ணீர் குடித்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தவர் வெகு நேரம் கீழே வைக்கவில்லை. மாமா பின்னால் நின்று, இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது நாள் தோல் பிளந்துச்சும்மா?" என்று அந்த அம்மாள் மிளகைக் கேட்டார்.

"அப்பாகிட்ட கேளுங்க" என்றாள் மிளகு, மரியாதையாகத்தான்.

"வேர் முதல்ல வந்துச்சா, தண்டு முதல்ல வந்துச்சா?"

"அதுவும் அப்பாவுக்குத்தான் தெரியும்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து இரண்டு வரி எழுதி, மூடி, கிளம்பிவிட்டார். அவர் படி இறங்குகிற சத்தம் அடங்கியதும் மாமா எடுத்துப் பார்த்தார். "வேலை மிக அழகாக உள்ளது. ஆனால் இதைச் செய்தவருக்கு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் இல்லை" என்று இருந்தது.

அன்று மாலை அக்கா அதை வாசித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிமிர்ந்து மிளகைக் கேட்டார்.

"நான் கெடுத்துட்டேனா?"

மிளகு யோசித்தாள். அப்பா மனசு நோகாமல் சொல்ல வார்த்தை தேடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. "கெடுக்கல. ஆனா அது உன் அவரைக்கா" என்றாள்.

மறுநாள் அவளே ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் அவள் கேட்டால் மட்டும் அவர் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது. தொடவே கூடாது. மாமா தலையை ஆட்டினார். பல் டாக்டர்களிடம் கெடு தேதிக்குத் தலையாட்டுகிற மாதிரி, முடியுமா என்று தெரியாமலே ஆட்டிய தலை அது.

இரண்டாவது வேலை, வீட்டுக்கு வருகிற ஓர் உயிரைப் பத்து நாள் கவனிப்பது. மிளகு புறாவை எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் நாற்காலியில் அசைந்தாலே புறாக்கள் பறந்துவிடும். பால்கனியில் வைத்த தண்ணீர்க் கிண்ணம் மட்டும் சாயங்காலத்துக்குள் பாதியாகிவிடும். எத்தனை புறா வந்து குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஒரு படையே வருது" என்றார் மாமா. அதுதான் அவர் கணிப்பு. பால்கனியைக் கழுவுகிறவர் அவர்தான்.

மிளகு பெரிய தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பூந்தொட்டி மண்ணைக் குழைத்து அதில் பரப்பி, நடுவில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தாள். தண்ணீர் குடிக்க வருகிறவர் மண்ணை மிதித்துத்தானே ஆக வேண்டும். முதல் நாள் மண் கூழாக இருந்ததால் தடம் மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் காய்ந்து ஓடாகிவிட்டது, யானை நடந்தாலும் பதியாது. மூன்றாம் நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, தன் காது மடல் அளவுக்கு மெத்தென்று வந்ததும் நிறுத்தினாள். அந்தப் பதத்தை மாமா கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்திருப்பார். அவர் மேசையில் குனிந்துகொண்டு யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையில் பல் அடுக்கிக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் நொடிக்கு ஒரு தடவை பால்கனிப் பக்கம் திரும்பி வந்தது.

பிளாஸ்டர் அவள் கேட்டதால் கொடுத்தார். ரப்பர் கிண்ணமும் கரண்டியும் கொடுத்தார். அவள் கலக்கி, மேலே இருந்து தொப்பென்று ஊற்றினாள். கெட்டியாகும்போது தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, சுடுது."

"ஆமா."

"ஏன்?"

"தண்ணியும் பிளாஸ்டரும் சேந்து இறுகும்போது சூடு வெளிய வரும்."

"நான் அதுக்கு மேல கேக்கல, போதும்" என்றாள், அவர் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள்.

மண்ணைத் தட்டிவிட்டு எடுத்த அச்சு, துளைத் துளையாக, குளியல் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தது. குலுக்கும் மேசை நாலு அடி தூரத்தில் சும்மா கிடந்தது. மாமா எழுந்தார். நேரே சமையலறைக்கு வந்து, நான் நறுக்கிக்கொண்டிருந்த காரட்டை என் கையிலிருந்து வாங்கி, தான் நறுக்க ஆரம்பித்தார். ஒரே அளவாக.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. அங்க இருந்தா வாய் சும்மா இருக்காது."

அந்தப் பத்து நாளும் எனக்குக் காய் நறுக்குகிற வேலை இல்லை. மிளகு தானாகவே ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றிப் பார்த்தாள், தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தாள், குமிழி குறைந்தது. அவள் கற்றுக்கொண்டாள். எங்களுக்குத் தினமும் பொரியல்.

எட்டாம் நாள் வரைக்கும் பதினோரு அச்சு சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி பார்த்து ஊற்றியிருந்தாள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. எல்லாவற்றையும் ஜன்னல் விளிம்பில் அடுக்கி, மோவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "சித்தி, இங்க வா" என்றாள்.

போனேன். அவள் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு அச்சுகளில் ஒரு காலின் வெளி விரல் பாதிதான் இருந்தது. நுனி இல்லை, நகமும் இல்லை.

"படையெல்லாம் இல்ல. அதிகமா ஒரே புறாதான் திரும்பத் திரும்ப வருது" என்றாள். குரலில் துள்ளலே இல்லை, சாட்சி சொல்கிற மாதிரி சொன்னாள். "விரல் எப்படிப் போச்சுப்பா?"

கேட்டதால் மாமா சொன்னார். நூலோ முடியோ காலில் சுற்றிக்கொண்டு இறுகினால் விரல் செத்து விழுந்துவிடும், நகரத்துப் புறாக்களுக்கு இது நடக்கிறதுதான் என்றார். அதற்கு முந்தைய வாரம் ஒரு புறாவின் காலில் நூல் தொங்கியதைப் பார்த்ததையும் சொன்னார். மிளகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு அச்சைக் கையில் வைத்துப் பார்த்து, "இடது கால். வெளி விரல் குட்டை" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் காரட் தேடிச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னாச்சு?"

"அது வலது கால்" என்றார் மெல்ல.

எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு அச்சை எடுத்து வந்து விளக்கினார். மண்ணில் பதிந்த தடத்தை மேலே இருந்து பார்க்கிறோம். அச்சை எடுத்துத் திருப்பினால் பாதத்தைக் கீழே இருந்து பார்க்கிற மாதிரி. வலது இடதாகிவிடும். அவர் தொழிலில் முதல் பாடமே இதுதான், முதல் தப்பும் இதுதான். பத்தொன்பது வயதில், மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைக்காமல் ஒரு பல் பட்டறையில் சேர்ந்த புதிதில், இதே குழப்பத்தில் வலது பக்கம் வைக்க வேண்டிய கடைவாய்ப் பல்லை இடது பக்கம் அடுக்கியிருக்கிறார். முதலாளி அதை எல்லார் முன்னாலும் மேசையில் அடித்து, "அந்த ஆள் இதைத் தலைகீழா நின்னுதான் மாட்டணும்" என்றாராம். எப்படித் தப்பு என்றும் சொன்னாராம். மாமாவுக்கு அப்போது தலையில் ஏறவில்லை. நாலைந்து நாள் கழித்து, பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த ஒரு கடைப் பலகையைப் படிக்க முயன்றபோதுதான், நடு ரோட்டில், சட்டென்று விளங்கியிருக்கிறது.

"அன்னிக்கு அனுபவிச்ச சந்தோஷம் இருக்கே" என்று நிறுத்தினார். "அதை நான் பிடுங்கக் கூடாதில்ல. அவளே கண்டுபிடிப்பா. பாரு."

மிளகு கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலை அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்ததில் புறா நேரிலேயே வந்துவிட்டது. அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, மற்றப் பறவைகள் மாதிரித் தலையைத் தூக்கித் தூக்கி விழுங்காமல், அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடித்தது. அதையும் அவள் கவனித்தாள். கூடவே, குட்டை விரல் வலது காலில் இருந்ததையும் கவனித்தாள். கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு நோட்டை எடுத்து, "குட்டைவிரல் புறாக்கள் இரண்டு. ஒன்றுக்கு இடது கால். இன்னொன்றுக்கு வலது கால்" என்று எழுதினாள்.

மாமா அன்று இரண்டு கிலோ உருளைக்கிழங்கு தோல் சீவினார்.

"நாளைக்கு அந்தம்மா வர்றாங்க" என்றார் என்னிடம். "இப்பிடித் தப்பா எழுதி வெச்சிருக்கா."

"சொல்லிடுங்க மாமா. சின்னப் பொண்ணு."

"கேக்கலையே அவ."

"கேக்கணும்னு தெரிஞ்சாதானே கேப்பா?"

அவர் அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தார். எனக்கும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

மதிப்பீட்டாளர் வந்த அன்று வேண்டுமென்றே விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மிளகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மண்ணைப் பதமாக்கியது, ஊற்றியது, குமிழி, சூடு, பதினோரு அச்சு, ஏழு குட்டை விரல், உறிஞ்சிக் குடிப்பது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் இரண்டு கேள்வி கேட்டால் மூன்று பதில் வந்தது. கடைசியில் இரட்டைக் குட்டைவிரல் புறாக்களைப் பற்றிச் சொன்னபோது, "அட, ரெண்டு புறாவுக்கும் ஒரே மாதிரியா" என்று வியந்தார். அவருக்கும் தெரியவில்லை. நோட்டில், "மிகச் சிறப்பு. குழந்தையின் சொந்த உழைப்பு" என்று எழுதி, நல்ல மதிப்பெண்ணும் போட்டார். போகிறபோது மாமாவைப் பார்த்து, "இந்தத் தடவை நீங்க என்ன செஞ்சீங்க சார்?" என்றார்.

"காய் நறுக்கினேன் மேடம்" என்றார் மாமா.

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தப்பு ஒன்று கையெழுத்தோடு வீட்டைவிட்டு வெளியே போகிறது என்பது அவருக்கு உடம்பில் முள் குத்துகிற விஷயம். அடுத்த நாலு நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு மேல்தாடைச் செட்டை மூன்று தடவை பிரித்து அடுக்கினார். தான் செய்தது சரியா என்று அக்காவைக் கேட்டார். அக்கா, "எனக்கு ரெண்டு புறான்னாலும் ஒண்ணுதான், ஒரு புறான்னாலும் ஒண்ணுதான். பால்கனியைக் கழுவினா சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மிளகு அம்மாவுக்குக் கொடுக்கத் தன் கையை அச்செடுக்க விரும்பினாள். மிச்சம் இருந்த மண்ணில் வலது கையை அமுக்கி, பிளாஸ்டர் ஊற்றி, காத்திருந்து, எடுத்துக் கழுவினாள். குமிழி ஒன்றுகூட இல்லை. மேசையில் வைத்து, பக்கத்தில் தன் வலது கையையும் கவிழ்த்து வைத்து ஒப்பிட்டாள். கட்டைவிரல் எதிர்ப் பக்கம் இருந்தது. இடது கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. மறுபடி வலது கையை வைத்தாள். நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தேன்.

மிளகு நாற்காலியைத் திருப்பி ஜன்னல் விளிம்பிலிருந்து புறா அச்சு ஒன்றை எடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்தாள், கவிழ்த்தாள், மறுபடி திருப்பினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரே புறாதான்" என்றாள்.

மாமாவின் கையிலிருந்த மெழுகுக் கத்தி அப்படியே நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அவருடைய கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அது இரண்டு நொடிதான் இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றாள் மிளகு.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் அந்த டீச்சர்கிட்ட தப்பா சொன்னேன். நீ பின்னாடியே நின்னுட்டு இருந்தே. பேசாம இருந்தே" என்றாள். மாமா எழுந்து பக்கத்தில் போனார். அவள் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பஸ் போய்விட்டது, போகட்டும் என்று நின்றேன். மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ்ஸின் கண்ணாடிக் கதையைச் சொன்னார். முதலாளி மேசையில் அடித்ததையும் சொன்னார். அதைத் தன் மகளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு. உனக்கும் அது கிடைக்கணும்னு நினைச்சேன். ஆனா டீச்சர் வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

மிளகு சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் திரும்பினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாப்பிட்டு முடித்ததும் போனைக் கேட்டு வாங்கி, மையத்தின் எண்ணைப் போட்டு, மதிப்பீட்டாளரைக் கூப்பிடச் சொல்லி, கணீரென்று பேசியிருக்கிறாள்.

"டீச்சர், குட்டைவிரல் புறா ஒண்ணுதான். நான் அச்சைத் திருப்பிப் பாத்துட்டேன். என் மார்க்கைக் கொறைச்சுக்கோங்க."

அந்த அம்மாளுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. மிளகு போனிலேயே கையைக் கவிழ்க்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, அவருக்குப் பாடம் எடுத்தாளாம். "நானும்தாம்மா கவனிக்கல. அப்ப என் மார்க்கை யாரு கொறைக்கறது?" என்று சிரித்திருக்கிறார் அவர். அடுத்த தடவை வந்தபோது நோட்டில் பழைய பக்கத்தைத் தேடி, புறாக்கள் இரண்டு என்பதை மிளகையே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் தேதி போட்டார். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனால் இந்தச் செயல்பாட்டை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்போவதாகவும், வலது இடதுக்கு ஒரு வரி சேர்க்கப்போவதாகவும் சொன்னார். மிளகு வேண்டாம் என்றாள்.

"சேக்காதீங்க. அவங்களும் கண்டுபிடிக்கட்டும்."

மாமா அப்போது அரவை மெஷின் பக்கம் போய்விட்டார். மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வரவே இல்லை.

சட்டம் மட்டும் மிளகு போன் செய்த அன்றைக்கே திருத்தப்பட்டது. கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் மூன்று நாள் பொறுத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் முடிந்தும் அவள் கண்டுபிடிக்காவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். அக்கா அதைக் காகிதத்தில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டினாள்.

மூன்றாவது வேலை நத்தை, நான்காவது மண். இரண்டும் ஒழுங்காக நடந்தன, நத்தை ஒரு தடவை பல் அட்டைகள் மேல் ஊர்ந்து போனதைத் தவிர. நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, எலும்பு நிறைந்து வருகிறது, இனி தினமும் கொஞ்சம் படி ஏறலாம், அவசரப்படாமல், என்றார்.

ஐந்தாவது வேலை மழை அளப்பது. பாட்டிலை வெட்டி, வாய்ப் பகுதியைப் புனல் மாதிரிக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, மொட்டை மாடியில் வைக்க வேண்டும். மாடிக்கு மேலும் பதினெட்டுப் படி. முதல் வாரம் மாமா போய்ப் பார்த்து வந்து சொன்ன எண்ணை மிளகு எழுதவில்லை. "நான் பாக்காததை எப்பிடி எழுதறது?" என்றாள். அதனால் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம், அதற்கு முந்தைய இரவு பெய்த மழையை அளக்க நாங்கள் மூன்று பேரும் மேலே போனோம். மிளகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று ஏறினாள். மாமா இரண்டு படி கீழே வந்தார். ஏழாவது படியில் அவள் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் சாப்பிட்டாள்.

பத்து மாதத்தில் அவள் மொட்டை மாடியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டி, கொடியில் யாரோ எடுக்க மறந்த போர்வை, சுற்றிலும் கூரைகள், தூரத்தில் ரயில் பாலம். அவள் முதலில் பாட்டிலைப் பார்க்கவில்லை. நன்றாகச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டுத்தான் குத்துக்காலிட முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"பதினேழு மில்லிமீட்டர்" என்றாள். "எழுதிக்கோப்பா."

மாமா எழுதிக்கொண்டார். மிளகு எழுந்து மாடிச் சுவரோரம் போய் நின்றாள்.

கீழே தெருமுனையில் தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. விடுமுறையிலும் அக்காவுக்கு அன்று மதியத்துக்கு மேல் அரை நாள் வேலை. இறங்கி நடந்து வந்தவள் எதற்கோ தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாடிச் சுவருக்கு மேலே மிளகின் தலை தெரிந்ததும் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

"அம்மா, பதினேழு" என்று மிளகு மேலே இருந்து கத்தினாள்.

அக்காவுக்கு என்ன கேட்டதோ, "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குள் நுழைந்தாள்.